உலகம் வெளியே நிற்கட்டும்

நான் இப்போது வேலை பார்க்கும் தேனி பரிசோதனைக் கூடத்துக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வந்திருக்கிறார். சின்ன வயது, நல்ல சுறுசுறுப்பு, கழுத்தில் எந்நேரமும் அடையாள அட்டை. வந்த வாரமே, இனிமேல் தினமும் காலையில் எல்லோரும் கூடி நின்று பத்து நிமிடம் பேசிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். "பெரிய ஆஸ்பத்திரியில எல்லாம் இப்படித்தான் சார் செய்றாங்க" என்றார். போகாமல் இல்லை, போகிறேன். ஆனால் கதவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன், ஒரு காலை வாசல் நிலையில் வைத்து அதைச் சாத்தவிடாமல். ஏசிக் காற்றெல்லாம் வெளியே போகிறது என்று அந்தத் தம்பி குறைப்பட்டுக்கொண்டார். எனக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அவர் இதை ஏதோ புதுச் சங்கதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம். கம்பத்தில் நான் லேப் டெக்னீசியனாக இருந்த காலத்தில் எங்கள் டாக்டரம்மா இந்தக் கூட்டத்தை ஒரு நாள் விடாமல் நடத்தியவர். பொங்கலுக்கு மறுநாளும் நடத்தினார். சொந்தத் தம்பி கல்யாணத்தன்று பட்டுச்சேலையோடு வந்து கூட்டத்தை முடித்துவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனார். மற்றவர்கள் காலையில் சாமி கும்பிடுவதைப்போல அவருக்கு அது. அந்தப் பத்து நிமிடத்தில் நான் அதிர்ந்து நின்றதைப்போல என் வாழ்நாளில் வேறு எங்கும் நின்றதில்லை.

பழைய வீடு ஒன்றை ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். வாசலில் சில படிகள், அதையொட்டித் தெரு. முன்கூடத்துக்குப் பழைய காலத்து இரட்டை மரக்கதவு, கனமான தாழ்ப்பாள். உள்ளே நாலைந்து கட்டில்கள். ஆட்களும் கொஞ்சம்தான். நர்ஸ் ஈஸ்வரி அக்கா. மருந்து கொடுக்கும் அன்சாரி பாய், தினமும் உத்தமபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கூட்டித் துடைக்கிற பேச்சியம்மா. பிறகு கெங்குவார்பட்டியிலிருந்து போய்ச் சேர்ந்த நான். காலை எட்டு மணிக்கு டாக்டரம்மா ஒரு எவர்சில்வர் டம்ளரில் சுக்குக் காப்பியோடு முன்கூடத்தின் நடுவில் வந்து நிற்பார். நாங்கள் சுற்றி நிற்க வேண்டும். உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் பேச்சு வளர்ந்துவிடுமாம். எல்லோருடைய போனும் ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் போய்விடும். பேச்சியம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போடுவார். "பத்து நிமிசம் உலகம் வெளிய நிக்கட்டும்" என்பார் டாக்டரம்மா. பிறகு ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுக் கேட்பார்.

"நேத்து எங்கன சறுக்குனோம்?"

கூட்டம் என்பது இந்த ஒரே கேள்விதான். ஒவ்வொருவரும் முதல் நாள் தான் செய்த தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். தன் தப்பை மட்டும்தான் சொல்லலாம், அடுத்தவர் தப்பைச் சொன்னால் டம்ளரைத் தூக்கிக் காட்டி நிறுத்திவிடுவார். அங்கே சொன்னதற்காக யாரையும் திட்ட மாட்டார். "ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால், "யோசி. நிக்கிறேன்" என்பார். நிஜமாகவே நிற்பார். அந்த நிற்பைத் தாங்க முடியாமலே நமக்கு ஏதாவது ஒன்று ஞாபகம் வந்துவிடும்.

அதற்கு முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் தப்பு என்பது நோயாளி செய்வது. ரத்தக் குழாய் கீழே விழுந்து உடைந்தால், "ரத்தம் பத்தல, இன்னொரு தடவை குடுங்க" என்று கூப்பிட்டு மறுபடியும் குத்துவோம். அப்படிப் பழகிப்போய் வந்தவனுக்கு முதல் நாளே அடி விழுந்தது. டாக்டரம்மாதான் முதலில் பேசினார். "நேத்து சாயங்காலம் அந்தத் திராட்சைத் தோட்டத்துக்காரர நான் பேசவே விடல. பாதிப் பேச்சுலயே மாத்திரை எழுதிட்டேன். அவரு சொல்ல வந்தது வேற. ராத்திரி படுத்தப்பத்தேன் ஒறைச்சுச்சு. ஈஸ்வரி, இன்னிக்கு அவர வரச் சொல்லு." ஒரு டாக்டர், கூட்டிப் பெருக்குகிறவருக்கும் ஊசி போடுகிறவருக்கும் முன்னால் நின்று, நான் தப்பாகப் பார்த்தேன் என்று காப்பி குடித்துக்கொண்டே சொல்கிறார்.

என் முறை வந்தது. "நான் இன்னைக்குத்தான் சேர்ந்திருக்கேன், என்கிட்ட ஒண்ணுமில்லைங்க" என்றேன்.

"ஏன், வர்ற வழியில யாரையும் வையலையா?"

வைதிருந்தேன். சில்லறை இல்லை என்ற கண்டக்டரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தேன். அதைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். பேச்சியம்மா, "ஆத்தாடி, நல்ல புள்ளதேன் வந்து சேந்துருக்கு" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்றைக்கே நான் அந்த ஆஸ்பத்திரிக்காரன் ஆகிவிட்டேன்.

பேச்சியம்மா சொல்லும் சறுக்கல்கள் தனி ரகம். ஒரு நாள் நேராக டாக்டரம்மாவைப் பார்த்து, "நேத்து நீங்க என்னைய வஞ்சீகல்ல தாயி, அந்தக் கோவத்துல பின்னாடி கக்கூஸக் கழுவாமப் போயிட்டேன்" என்றார். அடுத்தவர் தப்பைச் சொல்லக் கூடாது என்ற விதியை மீறாமலே டாக்டரம்மாவின் தப்பையும் உள்ளே வைத்துவிட்டார். டாக்டரம்மா டம்ளரைத் தூக்கவில்லை. "சரி, நாளைக்கு என் கணக்குல இதச் சொல்லிக்கிறேன்" என்றார். மறுநாள் மறக்காமல் சொன்னார்.

இன்னொரு நாள் ஈஸ்வரி அக்கா சொன்னதுதான் பெரிய கலவரம். ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகிற பெண்களில் ராசாத்தி என்ற பெயரில் இரண்டு பேர் ஒன்றாக வந்திருக்கிறார்கள். ஒருத்திக்குப் போட வேண்டிய ஊசியை அக்கா மற்றவளுக்குப் போட்டுவிட்டார். சாதாரணச் சத்து ஊசிதான், கெடுதல் ஒன்றும் இல்லை. அக்கா சொல்லாமல் விட்டிருந்தால் கடவுளுக்கும் தெரிந்திருக்காது. சொல்லிவிட்டு அழுதார். டாக்டரம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "ஈஸ்வரி, செருப்ப மாட்டு. போயி அவுக வீட்ல சொல்லிட்டு வருவோம்."

நான் நம்பவில்லை. கண் முன்னால் இருவரும் காரில் ஏறிப் போனார்கள். கூடலூர்ப் பக்கம் ஒரு காலனி. ஊசி மாறிய ராசாத்தியின் புருஷன் எகிறிக் குதித்தாராம். "மனுசங்களா நீங்க? எம்பொண்டாட்டி என்ன ஆட்டுக்குட்டியா, கிடைச்சத எல்லாம் குத்திப் பாக்க?" என்று கத்தினாராம். டாக்டரம்மா அவர்கள் வாசலில் கிடந்த சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, அவர் ஓயும் வரைக்கும் கேட்டுவிட்டு, "நீங்க கேக்குறது நியாயந்தேன்" என்றாராம். திரும்பி வரும் வழியில் அக்காவுக்குப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்திருக்கிறார். "வேலைய விட்டுத் தூக்கிருவாகன்னு நெனச்சேன்டா தம்பி. பருத்திப்பால் வாங்கித் தர்றாக. நான் அதக் குடிக்கவா, அழுகவா?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

ஊரில் மற்ற டாக்டர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஜனங்கள் சிரிக்கவில்லை. எங்கள் சனத்துக்குச் சில விஷயங்கள் உடனே பிடித்துப்போகும். பெரிய படிப்புப் படித்த ஓர் ஆள் தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு தன் தப்பைத் தானே ஒப்புக்கொள்கிறார் என்பது கம்பத்திலிருந்து மலைமேல் இருக்கிற எஸ்டேட் லயத்து வீடுகள் வரைக்கும் பரவிவிட்டது. நாளாக ஆக அதற்கு ஒரு பக்தியே வந்து சேர்ந்தது. அந்த நேரத்தில் படியில் காத்திருக்கிறவர்கள் பிள்ளைகளை அதட்டி அடக்குவார்கள். மலைக்குப் போகிற ஜீப்காரர்கள் எங்கள் தெருவில் ஹாரன் அடிக்க மாட்டார்கள். "உள்ள கூட்டம் நடக்கு" என்று ஒருவருக்கொருவர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொள்வார்கள், கோயிலில் திரை போட்டிருக்கும்போது சொல்வதைப்போல.

கதவை எதற்குச் சாத்த வேண்டும் என்று நான் ஒரு தடவை கேட்டேன். "நோயாளி சங்கதி தெருவுக்குப் போகக் கூடாதுல்ல. ஒங்க தப்பும் போகக் கூடாது. அப்பத்தேன் நீங்க வாயத் தெறப்பீக" என்றார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கதவு விஷயத்தில் அவர் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். ஒரு நாள் கூட்டத்தின் நடுவில் யாரோ கதவைத் தட்டினார்கள். ஈஸ்வரி அக்காவின் கை தானாகத் தாழ்ப்பாள் பக்கம் போனது. "அதத் தொடாத" என்றார் டாக்டரம்மா. வெளியே கேட்கிற மாதிரி, "முடியட்டும், இருங்க" என்று குரல் கொடுத்தார். மறுபடியும் தட்டினார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முடிந்து திறந்தபோது ஓர் அப்பா, கையில் காய்ச்சல் குழந்தை. குழந்தைக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டு எங்களிடம், "பாத்தீகளா? பத்து நிமிசத்துல ஒண்ணும் குடிமுழுகிப் போகல" என்றார். இன்னொரு தடவையும் அப்படி ஆனது. அதன் பிறகு யாரும் தட்டுவதில்லை. தட்டக் கூடாது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் காலை வந்தது.

பன்னீர் திராட்சை வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம். யாரோ ஒரு நோயாளி கொடுத்த திராட்சைப் பெட்டி ஒன்று மேசைமேல் இருந்தது. ஆளுக்கு ஒரு கொத்து எடுத்துக்கொண்டு நின்றோம். அன்சாரி பாயின் முறை. பாய் கூச்சத்தோடு ஆரம்பித்தார். முதல் நாள் தன்னுடைய மூக்குக் கண்ணாடியை மருந்துக் கவருக்குள் போட்டு யாருக்கோ கொடுத்து அனுப்பிவிட்டாராம். பிறகு சாயங்காலம் முழுக்கச் சீட்டில் எழுதியிருப்பது தெரியாமல் அக்காவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறார். கண்ணாடியைக் கொண்டுபோன பெரியவர் போன் பண்ணினாராம்.

"கவருக்குள்ள ஒரு கண்ணாடி இருக்கே பாய், இத சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடி போடணுமான்னு கேக்குறாக" என்றார் பாய்.

டாக்டரம்மா சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. டம்ளரில் இருந்த காப்பி சேலையில் சிந்தியது. பேச்சியம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒருவர் அடங்கினால் இன்னொருவர் தொடங்கினார். பாய் அந்தப் பெரியவர் குரலிலேயே மறுபடியும் சொல்லிக் காட்டினார். மறுபடியும் சிரித்தோம். பத்து நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "போதும், போதும், கதவத் தெற" என்றார் டாக்டரம்மா.

பேச்சியம்மா தாழ்ப்பாளை நீக்கிக் கதவை இழுத்தார். இழுத்த கதவோடு சேர்ந்து ஓர் ஆள் உள்ளே சரிந்தார்.

கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்திருக்கிறார். நாற்பது வயது சொல்லலாம். காக்கி அரைக்கால் சட்டை, தோட்டத்துக் கறை படிந்த சட்டை. பக்கத்தில் அவர் மனைவி, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு. "வாயுப் பிடிப்பு தாயி. ஜீப்புல வரும்போதே நெஞ்சு வலிக்குன்னாரு. சோடா குடிச்சாரு. இப்பத்தேன் தூங்குறாரு" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் தூங்கவில்லை.

டாக்டரம்மா அந்த வாசல் நிலையிலேயே மண்டி போட்டார். நெஞ்சை அழுத்தினார். ஈஸ்வரி அக்கா ஊசியோடு ஓடி வந்தார். நான் இ.சி.ஜி. மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து ஒட்டினேன். கோடு நேராகப் போனது. டாக்டரம்மா நிறுத்தவில்லை. கொண்டை அவிழ்ந்து முகத்தில் விழ, வேர்வை சொட்ட, அழுத்திக்கொண்டே இருந்தார். பாய்தான் கடைசியில் அவர் தோளைத் தொட்டு, "போதும்மா" என்றார். உதட்டில் இன்னும் திராட்சைச் சாயம் இருந்தது எங்கள் எல்லோருக்கும்.

அந்தப் பெண் முதலில் அழவில்லை. அப்படியே குனிந்து டாக்டரம்மாவின் காலைத் தொட்டார். "ஒங்க கையால பாத்தீகளே தாயி. எம்புட்டுப் பாடுபட்டீக. அது போதும்" என்றார். கதவைத் திட்டுவார், எங்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றவர்களுக்கு அந்த நன்றி வந்து விழுந்தது. உறவுக்காரர்கள் வந்தார்கள். அவர்களும் கும்பிட்டுவிட்டு உடலை எடுத்துப் போனார்கள்.

மத்தியானம் டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே நின்றார். சோப்புப் போடுவதும் கழுவுவதும் மறுபடியும் சோப்புப் போடுவதுமாக. அன்சாரி பாய் பக்கத்தில் போய் நின்றார்.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீகம்மா. அந்தாளுக்கு வந்தது பெருசு. கதவு தெறந்து கெடந்தாலும் போயிருப்பாக. யாரும் ஒரு வார்த்தை கேக்கல. நாமளா எதுக்குப் போயி வாயக் குடுக்கணும்?"

"தெறந்து கெடந்தா பொழச்சிருப்பாரா இல்லையான்னு ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது பாய்."

"அதத்தேன்மா நானும் சொல்றேன்."

டாக்டரம்மா குழாயை மூடினார். எனக்கு உறுதியாகத் தெரியும், நாளைக் காலையில் சொல்லிவிடுவார் என்று. சத்து ஊசிக்காகக் கூடலூர் வரைக்கும் போன மனுஷி. சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஆட்கள் திரண்டு வருவார்கள், கல் விழும், கேஸ் வரும், அவர் இத்தனை காலம் கட்டியது ஒரே நாளில் போய்விடும். அந்தப் பயத்தோடுதான் மறுநாள் போய் நின்றேன்.

போன் கூடைக்குள் போனது. கதவைச் சாத்தினார் பேச்சியம்மா. தாழ்ப்பாளைச் சத்தமே வராமல் போட்டார். டாக்டரம்மா டம்ளரோடு நடுவில் வந்து நின்றார்.

"நேத்து பி.பி. மெஷினுக்கு பேட்டரி மாத்தச் சொல்ல மறந்துட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், இன்னும் ஏதோ வரும் என்று. வரவில்லை. முதல் நாள் ஒரு மனிதர் செத்து விழுந்ததைவிட அந்த பேட்டரி என்னை உலுக்கிவிட்டது. அடுத்து ஈஸ்வரி அக்கா, பஞ்சு டப்பாவை மூடாமல் விட்டதைச் சொன்னார். பாய் ஏதோ முனகினார். நானும் ஏதோ ஒன்றைச் சொன்னேன். பேச்சியம்மா மட்டும் நிமிர்ந்து பார்த்து, "எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். டாக்டரம்மா, யோசி என்று சொல்லவில்லை. நிற்கவும் இல்லை.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான் நடந்தது. கூட்டம் நடந்தது, கதவு சாத்தப்பட்டது, ஆளுக்கு ஒரு சின்னத் தப்பு சொன்னோம். பேனா மூடி, ஃபேன் சுவிட்ச், தண்ணீர்க் கேன். டாக்டரம்மா கையில் டம்ளர் இருக்கும், குடிக்க மாட்டார். அன்சாரி பாயின் கண்ணாடி திரும்பி வந்துவிட்டது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். எங்களை எல்லாம் உண்மை சொல்ல வைத்துவிட்டு இப்படி நின்றுவிட்டாரே என்று இருந்தது. அதே சமயம், சொல்லாமலே இருந்துவிட்டால் நல்லது என்றும் இருந்தது.

அந்த மனிதரின் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு காலையில் கூட்டம் முடிந்து கதவைத் திறந்தால், படியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். அதே இடம். வெறும் நெற்றி. கையில் ஒரு துணிப்பை. டாக்டரம்மா முகம் வெளுத்துவிட்டது.

"என்ன ஆத்தா, சர்டிபிகேட் ஏதும் வேணுமா?"

"இல்ல தாயி. ஒங்க கூட்டத்துல நிக்கணும்னு வந்தேன். முடிஞ்சிருச்சா?"

யாருக்கும் விளங்கவில்லை. அவர் உள்ளே வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரமாக நின்றார். "எங்க பக்கத்துல சொன்னாக. இங்கன அவுகவுக தப்ப அவுகவுகளே சொல்லுவாகளாம். சொன்னா யாரும் வைய மாட்டாகளாம். எங்கிட்ட ஒண்ணு இருக்கு தாயி. வீட்ல சொல்ல முடியல. மாமியா இருக்காக, புள்ளைக இருக்கு. இங்கன சொல்லலாமா?"

பேச்சியம்மா பழக்கத்தில் கதவைச் சாத்தப் போனார். "சாத்தாத" என்றார் டாக்டரம்மா. குரல் அவருடையது மாதிரியே இல்லை.

அந்தப் பெண் துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு, கதவத் தட்டு புள்ளன்னு சொன்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு. நாந்தேன், உள்ள கூட்டம் நடக்கு, தட்டக் கூடாது, செத்த பொறுங்கன்னேன். உள்ள சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. இந்தா சிரிக்கிறாக, முடிஞ்சிருச்சு, இப்ப வந்துருவாகன்னேன். அவரும் சரின்னு சாஞ்சுக்கிட்டாரு. நான் தட்டிருக்கணும். தட்டாம அவரக் கொன்னுட்டேன். இதத்தேன் சொல்ல வந்தேன்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஈஸ்வரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். அன்சாரி பாய்தான், "அப்படியெல்லாம் இல்ல ஆத்தா, அது மாரடைப்பு, யாரு என்ன செஞ்சாலும்..." என்று தொடங்கினார். டாக்டரம்மா டம்ளரைத் தூக்கிக் காட்டினார். பாய் நிறுத்திக்கொண்டார்.

"நீ தட்டிருந்தாலும் நான் தெறந்திருக்க மாட்டேன் ஆத்தா" என்றார் டாக்டரம்மா.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்கு முன்னால தட்டுனவுகளுக்கு நான் தெறக்கல. பச்சப் புள்ளையத் தூக்கிட்டு வந்து தட்டுனாக, தெறக்கல. இவுகளக் கேளு."

அந்தப் பெண் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ஈஸ்வரி அக்கா தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். பேச்சியம்மா, "ஆமாத்தா. தாழ்ப்பாளப் போட்டது நாந்தேன்" என்றார்.

"கதவச் சாத்தச் சொன்னது நான். தட்டக் கூடாதுன்னு ஊரப் பழக்குனது நான். நீ கேட்ட சிரிப்பும் என் சிரிப்புத்தேன். அன்னிக்கு பத்து நிமிசம்கூட இல்ல, அதுக்கு மேலயும் நின்னு சிரிச்சேன். உன் வீட்டுக்காரரு பொழச்சிருப்பாரான்னு எனக்குத் தெரியாது. ஆனா வெளிய நின்ன உன் மேல இதுல ஒரு துளி இல்ல. மறுநாளே உன் வீட்டுக்கு வந்து இதச் சொல்லிருக்கணும். பயந்துக்கிட்டு இருந்துட்டேன்."

இதைச் சொல்லும்போது டாக்டரம்மா அழவில்லை. நான் எதிர்பார்த்தது வேறு. அந்தப் பெண் கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். அவர் எதுவும் செய்யவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போய், அந்தக் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"இத அன்னிக்கே சொல்லிருந்தீகன்னா, இத்தன ராத்திரியும் நான் கண்ண மூடியிருப்பேனே தாயி."

சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார்.

விஷயம் கேள்விப்பட்டு, அன்று சாயங்காலம் செத்தவரின் ஆட்கள் வந்தார்கள். பெயர்ப் பலகை உடைந்தது, ஜன்னல் கண்ணாடி போனது. டாக்டரம்மா வாசலில் நின்று, அந்தப் பெண்ணிடம் சொன்னதையே அவர்களிடமும் சொன்னார். கேஸ் பின்னால் நடந்தது. ஆஸ்பத்திரி மெல்ல மெல்லத் தேய்ந்து, நானும் தேனிக்கு வந்துவிட்டேன். அவர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். இன்றுவரை அவரைப் போன்ற இன்னொரு டாக்டரை நான் பார்க்கவில்லை, அந்தக் கோபமும் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அன்றைக்கு ஆட்கள் கலைந்த பிறகு, உடைந்த கண்ணாடியைப் பேச்சியம்மா கூட்டிக்கொண்டிருக்கும்போதே, டாக்டரம்மா அந்தக் கதவைத் தானே தூக்கப் பார்த்தார். கனமான கதவு, அசையவில்லை. பாயும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இரண்டையும் கழற்றிக் கொல்லையில் சாத்தி வைத்தோம். மறுநாள் காலையில் அதே நேரத்துக்கு, அதே இடத்தில், கதவில்லாத கூடத்தில் நின்றோம். தெரு அப்படியே உள்ளே தெரிந்தது. ஜீப்பில் வந்து இறங்கியவர்கள் படியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா கேள்வியைக் கேட்கவில்லை. அவர்களுக்கும் கேட்கிற மாதிரி, தெருப்பக்கம் திரும்பி நின்று சொன்னார்.

"ஒரு பொம்பளைய இத்தன நாளாத் தூங்கவிடாம வச்சிருந்தேன்."

படியில் இருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் தெருமுனை திரும்பும் வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மீதியையும் சொன்னார்.